கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாள்

பிப்ரவரி 3, திங்கள்

வெட்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன். இன்று காலை முக்கால் மணி நேரம், உடம்பில் சோப்பு நுரையைத் தவிர வேறொன்றுமில்லாமல், என் சொந்தக் குளியலறையின் கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். வயது ஐம்பத்தாறு, நடுவில் தொப்பை, தலையில் ஷாம்பூ. மிருகக்காட்சிசாலையில் வைத்தால்கூட யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

காரணம், கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாள். சிக்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

இந்தக் குளியலறையைப் பற்றி நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வருடம் முன்பு திருப்பாலையில் இந்த வீட்டைக் கட்டியபோது, ஏதோ ஒரு வெளிநாட்டு ஓட்டலின் படத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, இதேபோல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வழவழவென்று முகம் தெரிகிற தரை. கண்ணாடியில் தடுப்பு, கண்ணாடியில் கதவு. கூரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஷவர்; அண்ணாந்தால் மழை. அச்சகம் வைத்திருப்பவன் தன் வீட்டுப் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் என்ன வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் அல்லவா? 'காலை 8 மணி சிற்றுண்டி' என்பதற்குக் கீழே 'காலை 9 மணி குளியலறை காணுதல்' என்று அடித்தேன். விளையாட்டுக்குத்தான். வந்த இருநூறு பேரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். பெரிய மாமா ஒருவர் எதையோ திருகி, பட்டு வேட்டியோடு நனைந்து, அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

அப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்து இன்று "பூங்கோதே!" என்று கத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி தெருமுனையில் கீரை வாங்கப் போயிருந்தாள். கீரை வாங்குவது அவளுக்கு ஒரு மாநாடு. என் குரல் முதலில் கேட்டது எதிர்வீட்டு அபுதாகிர் அண்ணனுக்கு. லேடீஸ் டைலர், ஊர்க்கதை எதையும் அளவெடுக்காமல் விடமாட்டார். கேட்டருகே நின்று, "என்னப்பா மாணிக்கம், பாடுறியா?" என்றார்.

"இல்லண்ணே! தாழ்ப்பா சிக்கிருச்சு! அவளைக் கூப்பிடுங்க!"

பூங்கோதை வந்தாள். வெளியே இருக்கும் மரக்கதவை நான் சும்மா சாத்தித்தான் வைப்பேன். அதைத் தள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடிக் கதவையும் திறந்துவிட்டாள். எப்படித் திறந்தாள் என்று நான் பார்க்கவில்லை. கண்ணில் சோப்பு.

"ஏங்க தரையில உக்காந்திருக்கீங்க?"

"எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருக்கிறது? கால் வலிக்காதா?"

"முழங்கையில ரத்தம்?"

"தாழ்ப்பாளத் தட்டுனேன்ல."

கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துண்டை எடுத்துச் சுற்றிவிட்டு, என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கூட்டிவந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலிருப்பது இந்த வீட்டில் தீபாவளி போல; வருடத்துக்கு ஒரு தரம்தான்.

விஷயம் என்னவென்றால், மார்ச் ஒன்பதாம் தேதி அவள் புனேவுக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் ஒரே மகள் இளமதிக்கு மார்ச் கடைசியில் பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. ஆனால் பயணமே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. ஆகவே தாய்வீடு ரயிலேறி அங்கே போகிறது, மூன்று மாதத்துக்கு. என்னைத் தனியாக விட்டுப்போக பூங்கோதைக்கு அரை மனசுதான். நான் ரெண்டு தும்மல் கூடுதலாகத் தும்மினால் போதும், டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாள். போன தடவை இளமதி உண்டாகியிருந்தபோது எனக்கு டெங்கு வந்து, இவள் அங்கே போக முடியாமல் என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அப்போது அங்கே என்ன ஆயிற்று என்பதை இந்த டைரியில் எழுதப்போவதில்லை.

ஆகவே, தாழ்ப்பாள்.

(இந்த டைரி போன வருடம் ஒரு உரக்கடைக்கு அடித்ததில் மிஞ்சியது. கிழமை எதுவும் பொருந்தாது, அடித்துத் திருத்திக்கொள்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து.)

பிப்ரவரி 4, செவ்வாய்

தெருவுக்கே தெரிந்துவிட்டது. கீரைக்காரம்மா, "கண்ணாடிய ஒடச்சுத்தான் உங்கள எடுத்தாகளாமே!" என்று துக்கம் விசாரித்தது. அபுதாகிர் அண்ணன் கடையில் இந்தக் கதைக்குக் கை, கழுத்து, லைனிங் எல்லாம் வைத்துத் தைத்தாகிவிட்டது.

இன்று ஷவர் வேண்டாமென்று வாளியில் பிடித்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளித்தேன். ஒரு மாறுதலுக்காக.

பிப்ரவரி 6, வியாழன்

காலைக் காபியோடு என் கொள்கையை அறிவித்தேன்.

"வீடு நவீனமா இருக்கலாம். குளிக்கிற எடம் மட்டும் நம்ம மரபுல இருக்கணும். உக்காந்து குளிக்க ஒரு கல்லு. அண்டா நெறைய வெந்நீர். பித்தளைச் செம்புல மோந்து மோந்து ஊத்தணும். கொத்துன கருங்கல்லுல தரை. நின்னுக்கிட்டே குளிக்கிறதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். அவனுக்கு எண்ணெய் தேச்சுக்கத் தெரியுமா?"

எதிர்ப்பு வரும் என்று மூன்று வாதங்கள் தயாராக வைத்திருந்தேன். 'ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே வாய்தானே' என்று அவள் ஆரம்பித்தால் சொல்ல ஒன்று, செலவைப் பற்றிச் சொன்னால் ஒன்று, சிரித்தால் ஒன்று.

"சரிங்க, செஞ்சிருவோம்" என்றாள்.

"என்னது?"

"நல்ல யோசனைதான். நான் கெளம்புறதுக்குள்ள முடிச்சிரணும்."

முப்பது வருடத்தில் என் யோசனை ஒன்றை முதல் தடவையிலேயே அவள் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல்முறை. மூன்று வாதங்களையும் செலவழிக்க இடமில்லாமல் அச்சகத்துக்குப் போய், பூணூல் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒருவரிடம் கொட்டினேன். அவர் அடுத்த அச்சகத்துக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொத்தனார் ஒச்சப்பன் வந்தான். அன்றைக்கு அந்த ஓட்டல் குளியலறையைக் கட்டியவனும் அவன்தான்.

"ஏண்ணே, வழுக்குற டைல்ஸு வேணாம்னு அன்னைக்கு எம்புட்டுச் சொன்னேன்! படத்தைக் காட்டிக் காட்டி வெரட்டுனீங்களே."

"அது அந்தக் காலம்."

"ரெண்டு வருசந்தாண்ணே ஆச்சு."

பாதி மரபு, பாதி நவீனம் என்று அவனுக்கு விளக்கினேன். கீசர் இருக்கும், அதன் குழாய் நேராக அண்டாவில் விழும். மேல்நாட்டுக் கழிப்பான் இருக்கும். கண்ணாடிக் கூண்டு போய்விடும். ஷவர் அலங்காரத்துக்கு அப்படியே தொங்கலாம். ஒச்சப்பன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் பூங்கோதையைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மதினி" என்றான். இந்த ஊரில் வீட்டுக்காரனுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அவள் சொன்ன திருத்தங்கள் இரண்டு. மரக்கதவு இனி வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்தாழ்ப்பாள் கூடவே கூடாது.

"தாழ்ப்பா இல்லாம எப்படிக் குளிக்கிறது?" என்றேன்.

"அதுதான் சிக்குதுங்களே" என்றாள்.



பிப்ரவரி 12, புதன்

அச்சகத்திலிருந்து அப்படியே காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனேன். எனக்கில்லை. ஒரு நண்பருக்காக. அந்த நண்பருக்கு அண்ணாந்தால் உலகம் சுற்றுகிறது, படுத்துப் புரண்டால் கட்டில் கப்பலாகிவிடுகிறது என்று சொன்னேன். சின்ன வயது டாக்டரம்மா. முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க நண்பரக் கொஞ்சம் இந்தக் கட்டில்ல வந்து உக்காரச் சொல்லுங்க சார்" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை. நண்பரின் சார்பில் நான் போய் உட்கார்ந்தேன். என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒருபக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். நண்பருக்கு மின்விசிறி, டாக்டர், சுவரிலிருந்த காது படம் எல்லாம் ராட்டினம் ஆடின.

"காதுக்குள்ள பொடிப்பொடியா கல்லு மாதிரி இருக்கும் சார். அது எடம் மாறிருச்சுன்னா இப்படித்தான் சுத்தும். பயப்பட ஒண்ணுமில்ல, தலையைத் திருப்பித் திருப்பியே சரிபண்ணிரலாம். அதுவரைக்கும் அண்ணாந்து ஷவர்ல நிக்க வேணாம். ரெண்டு தலகாணி வச்சுப் படுக்கணும். உக்காந்து குளிக்கணும், பிடிச்சுக்க ஏதாச்சும் இருந்தா நல்லது. நண்பர்கிட்ட சொல்லிருவீங்கள்ல?"

"சொல்லிர்றேன் மேடம்."

"எங்கயாவது விழுந்திருக்காரா?"

"இல்ல மேடம். தாழ்ப்பா சிக்கிருச்சு."

டாக்டரம்மா என் முழங்கைப் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, சீட்டில் என்னவோ எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அந்தச் சட்டை துவைத்துக் கொடியில் காய்கிறது. சீட்டு, நாலாக மடித்தபடி, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. பூங்கோதை ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர்கள் கையெழுத்து யாருக்குப் புரியும், நல்லவேளை.

என் பக்கம் தலையணை இரண்டாகியிருக்கிறது. வீட்டில் தலையணை மிஞ்சிவிட்டது போல.

பிப்ரவரி 15, சனி

இடிப்பு. என் ஓட்டல் தரை சுத்தியல் பட்டுத் தெறித்தபோது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஒச்சப்பன் கண்ணாடிக் கதவைக் கழற்றி, வெயிலில் சாய்த்து வைத்து, மேலும் கீழும் தடவிப் பார்த்தான். "அண்ணே, இதுல எங்கிட்டு..." என்று ஆரம்பித்தான். டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன். "இப்பத்தாண்ணே குடிச்சேன்" என்றான். இன்னொன்று குடி என்றேன். பூங்கோதை துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. ஆனால் பருப்பில் அவ்வளவு சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கதவு மொட்டை மாடிக்குப் போயாயிற்று.

பிப்ரவரி 18, செவ்வாய்

உட்காரும் கல் இன்று. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல் ஒன்று, வாஷிங் மெஷின் வந்ததிலிருந்து வேலையில்லாமல் கிடந்தது. அதையே பலகையாக வெட்டிப் பதிப்பது என்று முடிவு. மரபு என்றால் தரையோடு தரையாக, முக்காலி உயரம்தான் இருக்க வேண்டும் என்றேன். பூங்கோதை கேட்கவில்லை. செங்கல்லை அடுக்கி, அதன்மேல் என்னை உட்காரவைத்து, ஒச்சப்பன் டேப் பிடிக்க, எழுந்திரு உட்கார் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் செய்வதுபோல் பத்துத் தடவை செய்தாள்.

"இன்னொரு செங்கல் வையி ஒச்சப்பா. எந்திரிக்க லேசா இருக்கணும்."

"இது என்ன சிம்மாசனமா?" என்றேன். "யாருக்கு இவ்வளவு ஒசரம்?"

"எனக்குத்தான். எனக்கு முட்டி வலி."

மூன்று மாதம் இங்கே இருக்கப்போவதில்லை. முட்டி வலிக்கு மட்டும் கல்!

பிப்ரவரி 20, வியாழன்

பரணிலிருந்து செம்பு அண்டாவை இறக்கினோம். உள்ளே பழைய போர்வைகள், இளமதியின் ஆறாம் வகுப்பு நோட்டுகள், நான் தொலைத்துவிட்டதாகச் சொல்லி மாமனாரிடம் புதிதாக வாங்கிக்கொண்ட கைக்கடிகாரம். கடைசியதைப் பூங்கோதை பார்ப்பதற்குள் இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

புளி போட்டு நானே தேய்த்தேன். இரண்டு மணி நேரம். செம்பு மின்னியது, நான் கறுத்தேன். பிறகு குளியலறைக்குள் கொண்டுபோனால், வாசலில் இரண்டு விரல்கடை இடிக்கிறது. நேராக நுழையவில்லை. சாய்த்தும் நுழையவில்லை. கவிழ்த்து, நான் உள்ளேயிருந்து இழுக்க, ஒச்சப்பன் வெளியேயிருந்து தள்ள, அண்டா நிலைச்சட்டத்தில் கச்சிதமாக மாட்டிக்கொண்டது. உள்ளே நான். இந்த மாதத்தில் இரண்டாவது முறை.

"மதினி! அண்ணன் மறுபடியும் மாட்டிக்கிட்டாப்ல!"

இந்தத் தடவை உண்மையாகவே மாட்டியிருந்தேன், யாரும் வருத்தப்படவில்லை. நிலையை அறுத்து வாசலை அகலமாக்கிவிட்டார்கள். பூங்கோதைக்கு அதில் பரம திருப்தி. "நல்லதாப் போச்சு. ரெண்டு ஆள் சேந்து நொழையலாம்." எதற்கு இரண்டு ஆள் சேர்ந்து குளியலறைக்குள் நுழைய வேண்டும்? இந்த வயதில் நான் அதைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பித்தளைக் கம்பி. கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் துண்டு போடுவதற்காம். கைப்பிடி கனத்துக்கு இருக்கிறது. சுவரைக் குடைந்து, நாலு போல்ட் போட்டு, ஒச்சப்பன் அதில் தொங்கியே பார்த்தான். இடுப்பு உயரத்தில் ஒன்று, வாசலருகே இன்னொன்று.

"யானையா துண்டு போடப்போகுது?" என்றேன்.

"உங்களுக்கு மரபு பிடிக்கும்னுதான பித்தளையில வாங்குனேன்" என்றாள். 

அதுவும் சரிதான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இளமதி போன் பண்ணினாள். "அம்மா கண்டிப்பா வந்துருவாங்கள்லப்பா?" மூன்று முறை கேட்டாள். நானும் மூன்று முறை வேடிக்கையாகவே பதில் சொன்னேன். மூன்றாவதற்கு அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 1, சனி

குளியலறை தயார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அழகாகத்தான் இருக்கிறது. கொத்திய கருங்கல் தரை காலைக் கவ்விப் பிடிக்கிறது. மூலையில் அண்டா, மேலே கீசர், ஒரு மஞ்சள் விளக்கு. கூரையில் ஷவர், ஓய்வுபெற்ற அதிகாரிபோல எதிலும் தலையிடாமல்.

அபுதாகிர் அண்ணன் நாளை முதல் நோன்பு என்பதால் இன்றே பார்த்துவிட வந்தார். சுற்றிக்காட்டினேன். "எங்க பாட்டன் காலத்து அண்டாண்ணே இது. எங்க வம்சமே இதுல குளிச்சதுதான்."

அவர் குனிந்து அண்டாவின் கழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ! "கு. ரெங்கசாமி மகள் பூங்கோதைக்குச் சீர்" என்று அச்சு எழுத்தைவிடத் தெளிவாக இருந்தது. வருடத்தோடு.

"ஒன் பாட்டன் பேரு ரெங்கசாமியா மாணிக்கம்?"

"சுவத்துப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன் ஒச்சப்பன்ட்ட" என்றேன்.

போகும்போது அண்ணன் பூங்கோதையோடு கேட்டருகே நின்று கொஞ்ச நேரம் பேசினார். என்னைப் பார்த்ததும் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தில் மேல்தட்டிலிருந்து பத்திரிகை மாதிரிகளை எடுக்க அண்ணாந்தேன். ஒரு சின்ன நிலநடுக்கம். வேறு யாரும் உணரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மாதிரி பார்க்க வந்திருந்த பெண் வீட்டார் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாளும் பூங்கோதையின் சித்தி மகளும் ஒரே பள்ளிக்கூட டீச்சர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மதுரையில் தலை சுற்றினால் இதுதான் தொல்லை. சுற்றி நிற்பதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்தால் பெட்டி திறந்து கிடக்கிறது. அடுக்கி வைத்திருந்த சேலைகள் மறுபடி பீரோவில்.

"நான் போகலைங்க."

"எதுக்கு?"

"போகல. அவ்வளவுதான். மாப்பிள்ளை ஒரு ஆள் ஏற்பாடு பண்ணிக்கிறட்டும்."

போன தடவையும் இப்படித்தான், என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பெட்டியிலேயே விட்டுவைத்திருந்த சின்னத் துணிகளை, பழைய வேட்டியைக் கிழித்து அவள் கையால் தைத்தவற்றை, திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள்.

வேடிக்கையாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பக்கத்தின் அடியில்: தண்டுதுளைப்பானைக் கட்டுப்படுத்த ஏக்கருக்கு முந்நூறு மில்லி.

மார்ச் 5, புதன்

நண்பரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். திருப்பினார், சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி திருப்பினார். இரண்டாவது தடவை ராட்டினம் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. "கல்லு எடத்துக்குத் திரும்பிருச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். "வீட்ல யாராவது கூட இருப்பாங்கள்ல?" 

"இருப்பாங்க" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

பூங்கோதையிடம் சொன்னேன்: "குளிக்கிற எடம் சரியா இருக்கான்னு நீ பாக்கவே இல்லையே. பாரு. ஒரு கொறை இருந்தாலும் நீ போக வேணாம்."

ஒரு நாற்காலியை இழுத்து வந்து குளியலறை வாசலில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாட்சிக்கு அபுதாகிர் அண்ணன், நோன்புக் களைப்போடு கூடத்துச் சோபாவில். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். என் வாழ்நாளில் இவ்வளவு பேர் பார்க்க, இவ்வளவு ஒழுக்கமாக நான் குளித்ததில்லை.

உட்கார்ந்தேன். செம்பில் மோந்து ஊற்றினேன். தலைக்குக் குனிந்து சீயக்காய் போட்டேன். அலசினேன். கம்பியைப் பிடித்து எழுந்தேன்.

"மறுபடி."

மறுபடி உட்கார்ந்தேன், ஊற்றினேன், எழுந்தேன்.

"கண்ண மூடிக்கிட்டு."

கண்ணை மூடிக்கொண்டும் எழுந்தேன்.

"அப்படியே இந்தப் பக்கம் திரும்புங்க. மெதுவா. இப்ப அந்தப் பக்கம்."

"நான் என்ன சேலைக் கடை பொம்மையா?"

"திரும்புங்க."

திரும்பினேன். அண்டாவும் சுவரும் அவளும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள்.

"கம்பி தாங்குதா?"

"தாங்குது."

"கல்லு ஆடலையே?"

"ஆடல."

"கல்லைத்தாங்க கேக்குறேன்."

"நானும் கல்லைத்தான் சொல்றேன்."

வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலையில் சீயக்காய்ப் பொடி ஒட்டிக்கொண்டு, பார்க்க எப்படியிருந்திருப்பேன் என்று எனக்கே தெரியும். எழுந்து வந்து, முந்தானையால் என் காதோரத்தைத் துடைத்தாள். இடது காது. டாக்டர் சொன்னதும் இடது காதுதான், தற்செயல்.

"அண்ணே, பாத்துக்கிருவீங்கள்ல?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ போய்ட்டு வாம்மா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் அபுதாகிர் அண்ணன்.

எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்? வீட்டையாக இருக்கும்.

தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பெட்டி ஜிப்பின் சத்தம்.

மார்ச் 9, ஞாயிறு

ரயிலேற்றிவிட்டேன். ஒரு பையில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சாமான், சுக்கு, பூண்டு, நல்லெண்ணெய். இன்னொரு பையில் குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு மணைப்பலகை. "அந்த ஊருல பலகை கிடைக்காதா?" என்றேன். "அவுக வீட்டுலயும் கண்ணாடிக் கூண்டுதாங்க. காலை நீட்டி உக்காந்து பிள்ளையப் போட்டுக் குளிப்பாட்ட எடமே இல்ல. அங்க போயி மொத வேலை அதுதான்" என்றாள். என் கொள்கை புனே வரை பரவுகிறது.

வண்டி நகரும்போது ஜன்னல் வழியே, "தாழ்ப்பா எதுவும் சிக்குனா ஒடனே போன் போடணும். என்ன?" என்றாள்.

"அதுதான் தாழ்ப்பாளே வைக்கலையே நீ."

சிரித்தாள். வண்டி போய்விட்டது. பிளாட்பாரத்தில் நின்று கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தினேன். தூசி.

மார்ச் 10, திங்கள்

தனியாகக் குளித்தேன். உட்கார்ந்து. துண்டைக் கம்பியில் போடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருந்ததால் துண்டுக்கு இடமில்லை.

ஏழரைக்கு அபுதாகிர் அண்ணன் வந்து சோபாவில் உட்கார்ந்து, "என்ன மாணிக்கம், குளிச்சாச்சா?" என்று குரல் கொடுத்தார். குளித்துவிட்டேன் என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 15, சனி

அண்ணன் தினமும் ஏழரைக்கு வருகிறார். நோன்பாளி; காபி குடிக்க மாட்டார். பேப்பர் அவர் வீட்டிலேயே வருகிறது. பின்னே எதற்கு வருகிறார்? வயதானால் மனிதர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. பாவம், கேட்க மனம் வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு. இருவரும் நலம்.

பூங்கோதை போனில் பேசவில்லை, அழுதாள். நான் வேடிக்கையாகச் சொல்ல ஒன்று யோசித்து வைத்திருந்தேன்; மறந்துவிட்டது. அபுதாகிர் அண்ணன் வீட்டுக்கு நோன்பு திறக்கும் நேரத்துக்கு இனிப்பு கொண்டுபோனேன். முதல் பேரீச்சம்பழத்தை எனக்கு ஊட்டிவிட்டார்.

மார்ச் 31, திங்கள்

படம் வந்திருக்கிறது. மணைப்பலகையில் பூங்கோதை, நீட்டிய கால்களின்மேல் ஒரு உள்ளங்கை அளவு ஆள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. முகம் என் ஜாடை என்கிறார்கள். குளிக்கும்போது கத்துவதும் என்னைப் போலத்தானாம்.

ஏப்ரல் 2, புதன்

பெருநாள் முடிந்து அபுதாகிர் அண்ணன் வந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் முதல் காபி, நான் போட்டது, அவர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாதது பெருந்தன்மை. மொட்டை மாடியில் கிடக்கும் கண்ணாடிக் கதவைத் தன் கடையின் ட்ரையல் ரூமுக்குக் கேட்டார். வெளியே தெரியாமல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வாராம்.

"தாராளமா எடுத்துக்கங்கண்ணே. ஆனா பொம்பளைக வந்துபோற எடம். தாழ்ப்பா ஒண்ணு வாங்கி மாட்டிக்கங்க."

"ஏன், இதுல இருந்தது என்னாச்சு?"

இருவரும் தூக்கிப் படியிறக்கிக்கொண்டிருந்தோம். அவர் கீழ்ப்படியில், நான் மேற்படியில். அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்போதுமே இருந்ததில்லை. ஓரத்தில் இரண்டு காந்தத் துண்டு. ஒரு விரலால் தள்ளினால் திறக்கும்.